அவர்கள் கேட்கும் பலகாரம்

நான் இதுவரை செய்துகொடுத்த வெப்சைட்டுகளில், இறந்துபோனவர்கள் குறை சொல்லி மாற்றியது ஒன்றே ஒன்றுதான். மற்ற இடங்களில் முதலாளி குறை சொல்வார். அவர் சும்மா இருந்தால் அவருடைய மச்சான் சொல்வார். இங்கே குறை சொன்னவர்கள் ஒருவரும் நேரில் வரவில்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அக்கா ஒருவரே வந்தார்.

அக்கா பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்பவர். பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அங்குள்ள மீனவர் குப்பத்து நினைவு அறக்கட்டளையின் செயலாளர். அபிராமபுரத்தில் என் வீட்டிலிருந்து அவர் பலகைக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். எங்கள் வீட்டில் மீன் பழக்கம் இல்லாததால், நாற்பத்து மூன்று வயதுவரை அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் தெரு ஆட்டோக்காரர்தான் என் நம்பரை அவருக்குக் கொடுத்தார். போனை எடுத்ததும், "நீதான் கம்பூட்டர்ல வூடு கட்ற ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு நைனா.

அறக்கட்டளை என்றால் பெரிய கட்டடம், போர்டு எல்லாம் கிடையாது. வலை பின்னும் கொட்டகையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ட்யூஷன் நடக்கும். குப்பத்தில் யார் இறந்தாலும் அவர் பெயர், தேதி, அவருக்கு ரொம்பப் பிடித்த பலகாரம், மூன்றும் ஒரு நீளமான நோட்டில் ஏறும். வருஷா வருஷம் அந்தத் தேதி வரும்போது ட்யூஷன் பிள்ளைகளுக்கு அந்தப் பலகாரம் கிடைக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. இதனால் அந்தப் பிள்ளைகள் தாங்கள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களைக்கூட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். "நாளைக்கு பஜ்ஜித் தாத்தாடா, மட்டம் போட்டுடாத" என்று ஒருவன் இன்னொருவனை எச்சரித்ததை நானே கேட்டேன்.

வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக ஒரு வெப்சைட் ஏற்கெனவே இருந்தது. யாரோ ஒருவர் காலேஜில் படிக்கும்போது செய்துகொடுத்தது. கறுப்புப் பின்னணி. திறந்தவுடன் ஷெனாய் அழ ஆரம்பிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஆடிக்கொண்டே இருக்கும். போனில் திறந்தால் மெழுகுவர்த்தி மட்டும் வரும், பெயர் வராது. இதை மாற்றிக்கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

முதல் டிசைனை மிகுந்த பெருமையுடன் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் நிற எழுத்து, நிறைய காலி இடம். இந்தத் தொழிலில் அதற்குத்தான் மரியாதை. அக்கா போனை வாங்கினார். மீன் கழுவிய ஈரக்கை, திரை நகரவில்லை. கொஞ்சமும் யோசிக்காமல் குனிந்து மூக்கு நுனியால் தள்ளினார். முழு வெப்சைட்டையும் மூக்காலேயே பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா நைனா, ஆஸ்பத்திரி மாரி கீது?"

"சிம்பிளா, மரியாதையா இருக்கட்டும்னு..."

"இவங்கள்ல பாதிப் பேரு ஆஸ்பத்திரிலதான் பூட்டாங்க. மறுபடியும் அங்கயே இட்டுக்கினு போயி படுக்க வெக்கிறியா? மேரியக்கா சத்தியமா ஒத்துக்க மாட்டா."

மேரியக்கா கமிட்டியில் ஒருவர் என்று நினைத்து, என் குறிப்பேட்டில் 'மேரி - கலர் பிடிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டேன். அவரையும் ஒரு தடவை நேரில் பார்த்துப் பேசிவிடலாமா என்று கேட்டேன்.

"அவ பூட்டு ஆறு வருசம் ஆவுது" என்றார் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே.

போகப்போகப் புரிந்தது. அக்காவுக்குத் தன் அபிப்பிராயம் என்று ஒன்று கிடையாது. வக்கீல் கட்சிக்காரருக்காகப் பேசுவதுபோல அவர் நோட்டில் இருப்பவர்களுக்காகத்தான் பேசுவார். படங்களை வட்டமாக வெட்டி வைத்திருந்தேன். ராயப்பண்ணன் சார்பில் ஆட்சேபணை வந்தது. "அவரு மீச ரெண்டு பக்கமும் வட்டத்துக்கு வெளிய பூட்ச்சி. மீசக்காகத்தான் அந்தாளு போட்டாவே புட்ச்சாரு." சதுரமாக்கினேன். பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். அதில் ஒரு வீட்டு ஓரகத்திகள் இருவர் அடுத்தடுத்து வந்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரும் பதினஞ்சு வருசமா மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கல. ஒரே பெஞ்சில உக்கார வெச்சா இன்னா ஆவறது?"

"அக்கா, இது வெறும் அகர வரிசை."

"அத்த நீ அவளுங்களாண்ட சொல்லு."

கடைசியில் யாருடைய நாள் அடுத்து வருகிறதோ அவரை முதலில் நிறுத்துகிற மாதிரி மாற்றினேன். ஓரகத்திகள் சித்திரைக்கும் ஐப்பசிக்கும் பிரிந்துபோனார்கள். திறந்தவுடன் இன்றைக்கு யார், இந்த வாரம் யார், என்ன பலகாரம் என்று தெரிந்தது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, என் டிசைனைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது. பட்டன்களையும் அக்காவின் மூக்கை மனத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். குப்பத்தில் எல்லோருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மூக்கைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது ஒரு பொட்டலம் மீன் கொடுப்பார். சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன். அதைவிடப் பெரிய துக்கம் உலகத்தில் இல்லை என்பதுபோலப் பார்த்தார். "வஞ்சிரம்கூடயா?" என்றார். அதன்பிறகும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்தான் வாங்கிக்கொள்வார். இரண்டு வாரம் போகாமல் இருந்தால், "சார், அந்த வெப்சைட் வேலை என்ன ஆச்சு?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார்.

நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே வந்தபோது கடைசிப் பக்கம் வந்தது. அதில் பதினோரு பெயர்கள். தேதி இல்லை, பலகாரம் இல்லை. பலகைக்குப் போய் அக்காவிடம் கேட்டேன்.

"கடலுக்குப் போயி திரும்பாதவங்க" என்றார். "ஒடம்பு கெடச்சா தேதி கீது. கெடைக்கலன்னா இன்னா தேதி? போட் கெளம்புன நாள்னுவா பொண்டாட்டி. தேடறத நிறுத்துன நாள்னுவா மாமியா. இன்னொர்த்தி நாளே சொல்லக் கூடாதுன்னுவா. நான் எத்த எய்தறது?"

"அப்ப பலகாரம்?"

"நாளே இல்லாம பலகாரம் ஏது? இவங்களுக்கு ஒரு வருசமும் குடுத்ததில்ல."

சொல்லிவிட்டுத் தேவையில்லாமல் ஒரு மீனைத் திருப்பி வைத்தார். அப்போதுதான் பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு குரல் வந்தது. இறால் விற்கும் குளோரி. அக்காவோடு பேசுவதில்லை என்பதால் என்னைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, அதுல எட்டாவது எங்க வூட்டுக்காரு. ஒரே போட்ல ரெண்டு பேரு போனாங்க. இன்னொருத்தரு பேரு அந்த நோட்ல கீதான்னு பாரு. இருக்காது. அது செயலாளரு புருசன். அவங்க வூட்டாளு சாவல, எங்க வூட்டாளு மட்டும் செத்துட்டாரு. நல்லா கீதுல்ல நாயம்? அந்தம்மா எய்தலன்னா என் புருசன் பேரையும் அட்ச்சிடு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்காவைப் பார்த்தேன்.

"அவ சொல்றதுல தப்பு இல்ல" என்றார் அக்கா, அவரும் என்னைப் பார்த்தே. "ஆனா அவரு பேர அடிக்காத. அந்த மனுசன் வந்து ஏன்டி அட்ச்சேன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"உங்க வீட்டுக்காரர் பேரையும் எழுதிடலாமே அக்கா?"

"வேணாம்."

அத்தோடு விட்டிருக்க வேண்டும். எல்லோருக்காகவும் இவ்வளவு வாய் பேசுகிறவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கும் ஆசையில், "அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அக்கா கோபப்படவில்லை. "மேரியக்கா பேசறா, ராயப்பண்ணன் பேசறாரு, பேசாதவளுங்க ரெண்டு பேருகூட என்னாண்ட பேசறாளுங்க. எங்க ஆளு மட்டுந்தான் ஒண்ணும் சொல்ல மாட்டன்றாரு நைனா. அவரு வாயத் தொறக்காம நான் எப்பிடி எய்தறது?" என்றார்.

அன்று பொட்டலம் கொடுக்க மறந்துவிட்டார்.

இனி என் பிழை. அந்த வெப்சைட்டில் தேதி போடாமல் எந்தப் பெயரையும் ஏற்ற முடியாதபடி நானே செய்துவைத்திருந்தேன். பதினோரு பெயரையும் எப்படியாவது உள்ளே வைத்துவிட்டு, குடும்பங்கள் முடிவு செய்யும்வரை மறைத்துவைக்கலாம் என்று எண்ணி, எல்லோருக்கும் ஜனவரி ஒன்றாம் தேதி என்று தட்டிவிட்டேன். மறைக்க மறந்தேன். டிசம்பர் நடுவில் புது வெப்சைட் திறந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். அக்கா, "எல்லாருக்கும் திருப்தி" என்றார். எல்லாரும் என்றால் யார் என்பது எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் பரபரப்பில் அதற்கப்புறம் யாரும் வெப்சைட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் புது ஏற்பாட்டில் ஒரு வசதி இருந்தது. ஒருவருடைய நாள் வந்தால், காலை ஏழு மணிக்குக் குப்பத்து வாட்ஸப் குழுவுக்குத் தானாகவே செய்தி போகும். புது வருஷத்தன்று காபியைக் கையில் எடுத்தேன், போன் கத்த ஆரம்பித்தது. இன்று இன்னாருடைய நினைவு நாள். இன்று பிள்ளைகளுக்கு அவருக்குப் பிடித்த, அதற்குப் பிறகு ஒரு காலி இடம், வழங்கப்படும். பதினோரு செய்தி. பதினோரு காலி இடம்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "வருஷப் பொறப்பும் அதுவுமா என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேள்? போய்க் கால்ல விழுந்துட்டு வாங்கோ" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வழியெல்லாம் பயம். கணவன் செத்த தேதியை ஒப்புக்கொள்ளாத பெண்கள். அவர்களுக்கு ஒரு வெப்சைட்காரன், பண்டிகை நாளில், யாரையும் கேட்காமல் ஒரு தேதியை அடித்துக்கொடுத்திருக்கிறான். பட்டினப்பாக்கம் சிக்னலில் நின்றபோது, திரும்பிப் போய் போனை அணைத்து வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அக்கா புதுப் புடவையில், காலிப் பலகையின்மேல் உட்கார்ந்திருந்தார். விடிகாலைப் பூசைக்குப் போய் வந்த பூ தலையில் இருந்தது. போனைக் காதோடு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையால் உட்காரச் சொன்னார், திட்டவில்லை. போனை என் காதுக்கு நீட்டினார்.

குளோரியின் குரல். குழுவில் போட்ட பேச்சுப் பதிவு. "எங்க வூட்டுக்காருக்கு போளி. தேங்கா போளி. மைலாப்பூர் பக்கம் போனா வாங்காம வர மாட்டாரு. அத்த எய்திக்கங்க."

அடுத்தது வேறு ஒரு பெண். மசாலா பொரி. அடுத்தது க்ரீம் பன். அடுத்தது ஒரு கிழவர், மகனுக்கு ரவா லட்டு, முந்திரி வேண்டாம், அவனுக்கு ஆகாது. இப்படியே பதினோரு பேருக்கும் வந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட்டார். நான் அழவில்லை என்று சொல்லமாட்டேன்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்தியானா கைய ஒட்ச்சிடுவேன்" என்றார். "ஒரு தேதிக்குக்கூட ஒத்துக்காம இருந்தவளுங்க நைனா. நீ யாரையும் கேக்காம ஒண்ணு போட்டுட்டே. இப்போ ஒர்த்தியாவது தேதியப் பத்திப் பேசினாளா? பலகாரத்தப் பத்தித்தான பேசறாளுங்க? இத்தினி வருசமா வாயில வெச்சிக்கினே கீறாளுங்க. யாரும் கேக்கல, அவ்ளோதான். நானும் கேக்கல."

பிறகு குரல் பழைய சுருதிக்கு வந்தது. "செஞ்சது நீ. பதினோரு ஐட்டமும் சாயங்காலத்துக்குள்ள வந்தாவணும். கெளம்பு."

அந்தப் புது வருஷத்தை நான் ஸ்கூட்டரில் கழித்தேன். மயிலாப்பூர் மாட வீதியில் பாதிக் கடை பூட்டியிருந்தது. போளிக்கு வரிசையில் நின்றேன். க்ரீம் பன்னுக்கு மந்தைவெளிவரை போனேன். முந்திரி இல்லாத ரவா லட்டு சென்னையில் எந்தக் கடையிலும் இல்லை என்று கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் மனைவி ரவையை வறுக்க ஆரம்பித்தாள். பதினொன்றில் ஒருவருக்கு நெத்திலி வறுவல். அதை மட்டும் அக்கா தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

சாயங்காலம் கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் பதினோரு பேர் வந்து விருந்து வைத்தால் யாருக்குத்தான் புரியும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அக்கா நின்று பெயரைச் சொன்னார். பிள்ளைகள் திருப்பிச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். போளி முறை வந்தபோது குளோரி தானே எழுந்து எடுத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்து முடித்து, மீந்த ஒன்றை இரண்டாகப் பிய்த்து, பாதியை அக்காவிடம் நீட்டினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

"அப்ப உன் ஆளுக்கு?"

அக்கா போளியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, ஒரு பேரு ஏத்தணும்."

பெயரைச் சொன்னார். தட்டினேன். தேதி கேட்கவில்லை, அதே தேதியைப் போட்டேன். பலகாரத்தில் வண்டி நின்றது. காலையில் நடந்த கூத்துக்குப் பிறகு, அந்த இடம் காலியாக இருந்தால் பெயரே ஏறாதபடி மத்தியானம்தான் மாற்றியிருந்தேன்.

குப்பத்தில் இருக்கிற அத்தனை பேருடைய நாக்கையும் தெரிந்துவைத்திருந்த அக்கா திகைத்துப்போனார். "அந்தாளுக்கு இதான்னு ஒண்ணு கெடையாது. வட வேணும்னுவாரு. சுட்டு வெச்சா பஜ்ஜி போடலியான்னுவாரு. பஜ்ஜி போட்டா, காத்தாலருந்து ஏன்டி ஒரே எண்ண நாத்தம்னுவாரு."

"அவரையே கேட்டுச் சொல்லு" என்றார் குளோரி. கேலியாகச் சொன்னாரோ என்னவோ, அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குளோரி நகர்ந்து வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். நான் போனை நீட்டியபடி நின்றேன்.

"இந்த வருசத்துக்கு ஜிலேபின்னு போட்டு வையி" என்றார் கடைசியில். "அடுத்த வருசம் சொல்றேன்."

மூன்று வருஷம் ஆகிவிட்டது. பதினோரு பேரும் சொன்ன சொல்லில் நிற்கிறார்கள். போளி போளிதான், ரவா லட்டு ரவா லட்டுதான், எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. பன்னிரண்டாமவர் மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஜிலேபிக்கு அடுத்த வருஷம் குழிப்பணியாரம். அதற்கு அடுத்தது மிளகாய் பஜ்ஜி, அதுவும் கடைசி நாளில் ரத்தாகிப் பால்கோவா ஆனது. மாற்றும் வழியை அக்காவுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் டிசம்பர் கடைசியில் எனக்குத்தான் போன் வரும்.

இந்தத் தடவையும் வந்தது.

"நைனா, கேசரின்னு போட்டு வெச்சிருந்தேன்ல, அத்த எடுத்துடு. பலாப்பயம்னு போடு."

"அக்கா, மார்கழில பலாப்பழத்துக்கு நான் எங்க போறது? சீசனே இல்லையே."

"நானும் அத்தத்தான் சொன்னேன். காத்தாலருந்து ஒரே ரோதன. நான் சொன்னா கேக்க மாட்டன்றாரு."